கட்டிலில் படுத்துப் பார்த்தவள்

எங்கள் பிளாக்கின் மாடிப்படிக்கு நான்கு நாளாகப் பெயின்ட் அடிக்கிறார்கள். ஜனக்புரிக்குத் தீபாவளி வருவதை முதலில் கண்டுபிடிப்பது மூக்குதான். வெளியே புகை, உள்ளே டிஸ்டெம்பர். மூன்றாவது மாடிக்கு ஏறுவதற்குள் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கிக்கொள்கிறேன். நேற்று அப்படி நின்றபோது ஏணியில் உட்கார்ந்திருந்தவரிடம், "பையா, அவுர் கித்னே தின்?" என்று கேட்டேன். "பஸ், தோ தின், ஆன்ட்டிஜி" என்றார். டெல்லியில் இந்த இரண்டு நாள் எத்தனை நாள் என்று எல்லோருக்கும் தெரியும். நானே என் வாடிக்கையாளர்களிடம் வருஷக்கணக்காக அதைத்தான் சொல்லி வருகிறேன். அவரைக் கோபித்துக்கொள்ள எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

முன்பெல்லாம் இந்த வாசனை வந்தால் கை பரபரக்கும். இப்போது தலை வலிக்கிறது, அவ்வளவுதான். பெயின்ட்டை நான் தொட்டே பல வருஷம் ஆகிவிட்டது. என் கம்பெனி இன்று சின்னப் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சுவர்களில் ஒட்டுகிற படங்களை மெஷினில் அச்சடித்து அனுப்புகிறது. குர்கானில் ஒட்டுகிற அதே ஒட்டகச்சிவிங்கியைத்தான் பானிபட்டிலும் ஒட்டுவார்கள். ஒரே முகம், ஒரே சிரிப்பு. எனக்கு அதைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. அதற்கும் என்னைப் பார்த்து அலுத்திருக்கும்.

ஆனால் டிஸ்டெம்பர் வாசனையோடு எனக்கு முதலில் ஞாபகம் வருவது சுவர் இல்லை. ஜெஸியின் உள்ளங்கால்கள். டெல்லிக் குளிரில் வெடித்து வெடித்து, எத்தனை எண்ணெய் தடவினாலும் அடங்காத கால்கள். வேலை பேச எங்கே போனாலும் வாசலிலேயே செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்துவிடுவாள். பள்ளிக்கூடத்து மேடம் பதறிப்போய் நாற்காலியை இழுத்துப் போடுவார். இவள் அசைய மாட்டாள். நான் காதி குர்தாவும் ஜோல்னாப் பையுமாக, ஓவியர் கோலத்தில் பக்கத்தில் நின்றுகொண்டு, இவள் யாரோ எனக்குத் தெரியாது என்கிற முகத்தோடு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இருங்கள், கொஞ்சம் முறையாகச் சொல்கிறேன். அப்பா மத்திய அரசாங்க உத்தியோகம். கோல் மார்க்கெட் பக்கத்து குவார்ட்டர்ஸில் இரண்டு அறையில் நாங்கள் ஐந்து பேர். அதில் ஒருத்தி ஓவியம் படித்தால் என்ன ஆகும்? பீரோவுக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில், பால்கனியில், எங்கு பார்த்தாலும் கேன்வாஸ். அப்பா கோபக்காரர் இல்லை. "இதெல்லாம் எங்கம்மா போய்ச் சேரும்?" என்று மட்டும் கேட்பார். கலைக்கு விலாசம் கிடையாது என்கிற மாதிரி ஏதோ பதில் சொல்வேன். இப்போது நினைத்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது. மூன்று ஓவியக் காலரிகளுக்கு எடுத்துக்கொண்டு போனேன். மூன்றிலும் டீ கொடுத்து அனுப்பினார்கள்.

ஜெஸி புசா ரோட்டுத் தமிழ்ப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பிலிருந்து என் பெஞ்சுக்காரி. அவள் அம்மா நர்ஸ், திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். டெல்லியில் பிறந்து வளர்ந்தும் அவள் வாயில் ஊர்த் தமிழ் அப்படியே இருந்தது. என் வீட்டில் தஞ்சாவூர்த் தமிழ். நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்வதைக் கேட்டு எங்கள் டீச்சரே சில சமயம் ஹிந்திக்கு மாறிவிடுவார். ஜெஸிக்கு வரையத் தெரியாது. யானை வரைந்தால் பக்கத்தில் யானை என்று எழுத வேண்டியிருக்கும். கூரியர் ஆபீஸ் ஒன்றில் ஃபோன் எடுத்துக்கொண்டிருந்தவள், ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்து பீரோவுக்குப் பின்னால் இருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக உருவிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"ஏட்டி, நம்ம ரெண்டு பேரும் ஒரு கம்பெனி போடுவமா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. கம்பெனி என்றால் எனக்கு அப்போது கரோல் பாக் கடைவாசலில் கால்குலேட்டரோடு உட்கார்ந்திருப்பவர்கள்தான். நான் அந்த ஜாதி இல்லை என்று மனதுக்குள் ஒரு பெருமை.

மெட்ரோ மேற்கு டெல்லிப் பக்கம் தூண் தூணாக ஏறிக்கொண்டிருந்த காலம் அது. தெருவுக்கு ஒரு வீட்டில் கீழ்த்தளத்தைக் காலி செய்து ப்ளே ஸ்கூல் திறந்துகொண்டிருந்தார்கள். ஹோலி முடிந்து அட்மிஷன் தொடங்குவதற்குள் சுவரெல்லாம் படமாக இருக்க வேண்டும். ஆப்பிள், பலூன், மயில், சூரியன். ஜெஸி பேசி முடிப்பாள், நான் வரைவேன் என்று ஏற்பாடு. சாப்பாட்டுக்கு இது, ஆத்மாவுக்கு என் கேன்வாஸ் என்று நான் பிரித்து வைத்துக்கொண்டேன். ரொம்ப வசதியான பிரிவினை.

உத்தம் நகரில் எங்களுக்குக் கிடைத்த இரண்டாவது வேலை என்று நினைக்கிறேன். நான் ஒரு சுவர் முழுக்கத் தோகை விரித்த மயில் வரைந்து முடித்திருந்தேன். அந்த மேடம் அதன் முன்னால் நின்று வாய் ஓயாமல் புகழ்ந்துகொண்டிருந்தார். ஜெஸி வழக்கம்போல் தரையில்.

"ஏட்டி, இங்க வந்து உக்காந்து பாரு."

"எழுந்திருடி, மானம் போறது."

"உக்காருங்கேன்லா."

உட்கார்ந்தேன். என் கண்ணுக்கு நேரே வெறும் மஞ்சள் சுவர். மயிலின் நகம் கூட அதற்கு மேலேதான் ஆரம்பித்தது.

"மயிலு அம்மைமாருக்கு. அவிய நின்னு பாப்பாவ, பீஸ் கெட்டுவாவ. சரிதான். பிள்ளைய உக்காந்திருக்க எடத்துல என்னட்டி இருக்கு?"

எழுந்து போய் மேடத்திடம் ஹிந்தியில் பேச ஆரம்பித்தாள். இந்தப் பள்ளிக்கூடத்தில் முதல் நாள் பிள்ளைகள் எங்கே நின்று அழும், எவ்வளவு நேரம் அழும், யார் தூக்கிக்கொண்டு உள்ளே வருவார்கள் என்று சம்பந்தா சம்பந்தமில்லாத கேள்விகள். நான் தூரிகையைக் கழுவிக்கொண்டு, இவள் எதற்கு நேரத்தை வீணடிக்கிறாள் என்று எரிச்சல்பட்டேன். கடைசியில் அவள் கேட்டது ஓர் எறும்பு வரிசை. வாசல் கேட் பக்கத்தில், அம்மாவின் கையை விடுகிற இடத்தில் ஆரம்பிக்க வேண்டும். முழங்கால் உயரத்தில் சுவரோடு போக வேண்டும். ஒன்று பிஸ்கட் துண்டைத் தூக்கிக்கொண்டு போகும், ஒன்று வழிதவறி நிற்கும், ஒன்று குடை பிடித்திருக்கும். வராந்தா, கதவுக்குப் பின்புறம் எல்லாம் தாண்டி வகுப்பறையின் கடைசி மூலையில் ஒரு ஓட்டைக்குள் போய் முடியும். வேண்டா வெறுப்பாக ஒரே மத்தியானத்தில் வரைந்து தள்ளினேன்.

பள்ளிக்கூடம் திறந்த அன்று ஜெஸி என்னை வலுக்கட்டாயமாக இழுத்துப் போனாள். அழுதுகொண்டு வந்த பிள்ளைகளில் பாதி எறும்புகளைக் கண்டு நின்றன. ஒரு பெண் குழந்தை எறும்பின் மேல் விரலை வைத்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டே, வரிசையோடு வரிசையாக உள்ளே நடந்து போய்விட்டாள். அவள் அம்மாதான் கேட்டில் நின்று அழுதாள். என் மயிலை அன்றைக்கு யாரும் பார்த்த மாதிரி தெரியவில்லை.

அதற்குப் பிறகு மேடம்கள் ஒருவருக்கொருவர் சொல்லி, துவாரகா, திலக் நகர், விகாஸ்புரி என்று வேலை வந்தது. என் பெயர் யாருக்கும் ஞாபகம் இல்லை. "வோ சீன்ட்டிவாலி மேடம்" என்றுதான் ஃபோன் வரும். சீன்ட்டி என்றால் எறும்பு. ஐந்து வருஷம் ஓவியக் கல்லூரியில் படித்துவிட்டு எறும்புக்காரி ஆனேன். கல்லூரி நண்பர்களிடம், "சும்மா, டைம் பாஸ்" என்று சொல்லி வைத்தேன். விசிட்டிங் கார்டு அடித்தபோது என் பெயருக்குக் கீழே ஆர்ட்டிஸ்ட் என்றும் அவள் பெயருக்குக் கீழே மார்க்கெட்டிங் என்றும் நானே போட்டேன். ஜெஸி கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எழுத்து நல்லாருக்கு" என்றாள்.

அவள் செய்துகொண்டிருந்ததும் ஒரு கலைதான் என்று எனக்கு அப்போது உறைக்கவே இல்லை. நான் நிறத்தையும் கோட்டையும் வைத்துச் செய்ததை அவள் ஒரு வாசலையும், ஓர் அழுகையையும், ஒரு மேடத்தின் கவலையையும் வைத்துச் செய்துகொண்டிருந்தாள். எந்த வேலையையும் அவள் போய் வாங்கி வரவில்லை. அங்கே இல்லாத ஒரு வேலையை உட்கார்ந்து பார்த்துக் கண்டெடுத்தாள். நான் அதை விற்பனை என்றேன்.

ஆஸ்பத்திரி வேலைக்கு வருகிறேன். இதைச் சொல்லாமலே முடித்துவிடலாமா என்று இரண்டு தடவை யோசித்துவிட்டேன்.

ஜெஸியின் அம்மா ஓய்வு பெற்ற ஆஸ்பத்திரி அது. அங்கே எலும்பு முறிந்த குழந்தைகளுக்கென்று ஒரு வார்டு. காலைத் தூக்கி எடைக்கல் கட்டி, வாரக்கணக்காக மல்லாந்து படுத்திருக்கும் குழந்தைகள். வார்டில் படம் வரையலாம் என்று ஆஸ்பத்திரியில் பேச்சு அடிபட்டதும், இவள் ஒரு வருஷமாக அதன் பின்னாலேயே அலைந்தாள். மத்தியானப் பார்வையாளர் நேரத்தில் போய் அந்த அம்மாக்களோடு உட்கார்ந்திருப்பாள். என்னைக் கூட்டிப் போன அன்று காலியாக இருந்த ஒரு கட்டிலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறிப் படுத்துவிட்டாள். சிஸ்டர் ஓடி வந்தார். "யே க்யா கர் ரஹீ ஹோ?"

"ஏக் மினிட், சிஸ்டர்ஜி." என் பக்கம் திரும்பி, "மேல பாருட்டி" என்றாள்.

பார்த்தேன். வெள்ளைக் கூரை. ஒரு ஃபேன். தண்ணீர் கசிந்த ஒரு கறை.

"எட்டு கட்டிலுக்கும் மேல ஒரே ரயிலு. இந்தக் கட்டிலுக்கு இஞ்சின், அடுத்ததுக்கு மாம்பழம் ஏத்துன பெட்டி, அடுத்ததுக்கு ஒட்டகம். ஃபேன் மறைக்கும்லா, பக்கத்துக் கட்டிலுக்கு மேல என்ன இருக்குன்னு பிள்ளையளுக்குத் தெரியாது. கேட்டுத்தான் தெரிஞ்சுக்கிடணும். அப்பம் ஒண்ணுக்கொண்ணு பேசிக்கிடும்."

நான் கழுத்து வலிக்கும் என்றேன். சாரம் கட்ட வேண்டும் என்றேன். கூரையை யார் பார்ப்பார்கள் என்றேன். உண்மைக் காரணம் வேறு. அந்த வார்டின் நீளச் சுவரைப் பார்த்ததுமே எனக்குள் ஒரு காடு வந்துவிட்டது. ஓர் ஆறு, அதன் இரு கரையிலும் மரங்கள், மிருகங்கள், வெளிச்சம். மூன்று காலரிகள் தராத சுவர் அது. அதன் முன்னால் ஆட்கள் நின்று பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அழுகை வருகிற அளவுக்கு ஆசைப்பட்டேன் என்று சொன்னாலும் தப்பில்லை.

மாதிரிப் படங்களை ஆஸ்பத்திரிக்காரர்களிடம் காட்ட வேண்டிய நாளில் ஜெஸியின் அம்மாவுக்குக் கடுமையான காய்ச்சல், அவளால் வர முடியவில்லை. அவள் பிடிவாதத்துக்காக நான் வரைந்து கொடுத்திருந்த ரயில் படத்தைப் பழுப்புத் தாளில் சுருட்டி என் கையில் கொடுத்து, "மொதல்ல இதக் காட்டு. பெறவு செவரு" என்றாள். ஐந்து பேர் உட்கார்ந்திருந்த அறையில் நான் காட்டைத்தான் முதலில் விரித்தேன். "வாஹ்" என்றார் ஒருவர். எல்லோரும் எழுந்து நின்று பார்த்தார்கள். ரயில் பைக்குள்ளேயே இருந்தது. மறந்துவிட்டேன் என்று உங்களிடம் சொல்ல முடியாது. பேசிக்கொண்டிருக்கும்போதே என் கை அந்தச் சுருளைத் தொட்டுவிட்டுத் திரும்பியது.

அன்று சாயங்காலம் ஃபோனில், "சீலிங் வேண்டாம்னுட்டாங்கடி. சாரம் கட்டினா குழந்தைகளுக்குத் தொந்தரவாம்" என்றேன். பஸ்ஸில் வரும்போது யோசித்து வைத்த காரணம்.

"அச்சா" என்றாள். "அதுவும் சரிதான். பிள்ளைய படுத்திருக்கும்லா. தூசி விழும்."

நான் சொன்ன பொய்க்கு அவளே முட்டுக் கொடுத்தாள்.

சுவர் வேலை ஒரு மாதத்துக்கு மேல் போனது. என் ஆயுளில் நான் வரைந்ததிலேயே நல்லது அதுதான், இதில் எனக்கு அடக்கம் கிடையாது. ஜெஸி வாளி தூக்கினாள், நிறம் கலந்தாள், குழந்தைகளோடு பேசிக்கொண்டிருந்தாள். முடியப் போகிற நாளில் மேட்ரன் வந்தார். நல்ல மனுஷி. ஜெஸியிடம், உன் அம்மா ஏதோ கூரையில் ரயில் வரும் என்று சொல்லியிருந்தாளே, நாங்கள் எல்லாம் எதிர்பார்த்துக்கொண்டிருந்தோம், நீங்கள் அதைக் காட்டவே இல்லையே என்று கேட்டுவிட்டுப் போனார்.

நான் மரத்துக்கு இலை வைத்துக்கொண்டிருந்தேன். இலை வைப்பதை நிறுத்தவில்லை. ஜெஸி தூரிகைகளை ஒவ்வொன்றாகக் கழுவித் துடைத்து வைத்தாள். பிறகு வந்து என் பின்னால் நின்றாள்.

"நல்லா வரைஞ்சிருக்கட்டி. நெசமாவே. ஆனா யாருக்கு?"

"எல்லாருக்கும்தான்" என்றேன். அவள் சண்டை போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன், அழுதிருப்பேன், ஒருவேளை ஏணியைத் தூக்கிக்கொண்டு கூரைக்கே ஏறியிருப்பேன். அவள் வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போய்விட்டாள்.

அந்த வருஷம் அட்மிஷன் சீசன் முடிந்ததும் மஸ்கட்டில் இருந்த அக்காவிடம் கிளம்பிவிட்டாள். அங்கே ஒரு வேலை இருப்பதாகச் சொன்னாள். மேடம்களின் நம்பர்கள் எழுதிய டைரியை என்னிடம் கொடுத்தாள். ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் ஏதாவது குறிப்பு. 'கேட் ரோட்டைப் பார்த்து இருக்கு, பிள்ளை ஓடிரும்.' 'மத்தியானம் இந்த ரூம் இருட்டு.' இதையெல்லாம் எதற்கு எழுதி வைத்தாள் என்று அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.

அடுத்த சீசனில் தனியாகப் போனேன். நாற்காலி போட்டார்கள், உட்கார்ந்தேன். "என்ன வரையலாம்?" என்று மேடம் கேட்டார். "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று நான் கேட்டேன். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்கு எதையும் வரையத் தெரியும். எது வேண்டும் என்று தெரிந்தவள் போய்விட்டிருந்தாள். கடைசியில் அவர், "போன வருஷம் பக்கத்துத் தெருவில் போட்டீர்களே, அதையே போட்டுவிடுங்கள்" என்றார். போட்டேன். அன்றைக்கு ஆரம்பித்ததுதான் இந்த ஒரே முகத்து ஒட்டகச்சிவிங்கி வியாபாரம்.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனிக்கு ஒரு விளம்பரப் புத்தகம் அச்சடிக்க நினைத்தேன். ஆஸ்பத்திரிச் சுவரை முதல் பக்கத்தில் போட வேண்டுமென்று ஃபோட்டோகிராஃபரைக் கூட்டிக்கொண்டு போனேன். வார்டுக்குள் நுழைந்ததும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. எடைக்கல் மாட்டுகிற கம்பியில், கொசுவலைக் கம்பியில் என்று ஒன்று விடாமல் எல்லாக் கட்டிலுக்கும் மேலே என்னென்னவோ தொங்கிக்கொண்டிருந்தது. நூலில் கோத்த கண்ணாடி வளையல். பிஸ்கட் தாளில் மடித்த குருவி. ஊதிக் கட்டி, மையால் கண்ணும் வாயும் எழுதிய ஆஸ்பத்திரிக் கையுறை ஒன்று, சேவல் மாதிரி. அம்மாக்களின் வேலை. என் ஆற்றையும் மரங்களையும் பாதி மறைத்தன. ஆயாவிடம், "இதையெல்லாம் கொஞ்சம் எடுத்துடுங்க, ஃபோட்டோவுக்கு" என்றேன். அவர் ஸ்டூலில் ஏறி ஒவ்வொன்றாக அவிழ்த்து ஒரு எனாமல் தட்டில் போட்டார். படம் எடுத்தோம். நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

பஸ்ஸில் பாதி வழி வந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. எங்கே புரிந்தது என்று கூடச் சொல்வேன், சங்கர் ரோடு ஏற்றத்தில். இவர்கள் பிறகு வந்த அம்மாக்கள், யாரும் ஜெஸியைப் பார்த்ததில்லை. ரயிலைப் பற்றிக் கேள்விப்பட்டதில்லை. பிள்ளை எங்கே பார்க்கிறது என்று பார்த்தார்கள், அங்கே கட்டினார்கள். நான் போய் அதை அவிழ்த்துவிட்டு வந்திருக்கிறேன்.

மறுநாள் மஸ்கட்டுக்குப் பேசினேன். எல்லாவற்றையும் சொன்னேன். பையிலேயே இருந்த சுருள், பஸ்ஸில் யோசித்த பொய், வளையல், கையுறைச் சேவல். நடுவில் அழுதேன்.

"ரயிலு சங்கதி எனக்குத் தெரியும்லா. மேட்ரன் சொன்னாவள்லா" என்றாள். கோபம் இல்லாத குரல். பிறகு கேட்டாள். "போட்டோ எடுத்த பெறவு, அதையெல்லாம் திரும்பக் கெட்டுனியாட்டி?"

இல்லை என்றேன்.

"ம்" என்றாள். அக்கா கூப்பிடுவதாகச் சொல்லி வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு கிறிஸ்துமஸுக்கு இரண்டு மூன்று வருஷம் பேசினோம். ஒரு வருஷம் அந்த நம்பரில் யாரோ ஓர் ஆண் அரபியில் பேசினார்.

அந்த வார்டு இன்று இல்லை. கட்டடத்தையே இடித்துவிட்டுப் பல மாடியாகக் கட்டியிருக்கிறார்கள். என் காடு எந்த மண்மேட்டில் போய்ச் சேர்ந்ததோ தெரியாது. உத்தம் நகர் வீட்டில் ப்ளே ஸ்கூல் போய், மொபைல் கடை வந்து, அதுவும் போய் இப்போது ஒரு ஜிம் இருக்கிறது. மிச்சமிருப்பது அந்த ஃபோட்டோ ஒன்றுதான். எங்கள் வெப்சைட்டில் முதலில் வருவதும் அதுவே. பார்க்கிறவர்கள் எல்லோரும் "கித்னா சாஃப்" என்பார்கள். உண்மைதான், சுத்தமாக இருக்கிறது. ஆறு ஓடுகிறது, மரங்களுக்கு நடுவே வெளிச்சம் விழுகிறது, மறைக்க எதுவும் இல்லை. இரண்டாவது கட்டிலில் கால் கட்டிப் படுத்திருக்கிற ஒரு பெண் குழந்தை மட்டும் காட்டின் பக்கம் திரும்பாமல், ஆயா சேவலை அவிழ்த்த இடத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.